லினன் தேடி ஸ்வீடனில் கார் பயணம்: ஹெல்சிங்லாந்தா, டாலர்னாவா, வெர்ம்லாந்தா?

மே மாதம் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வரிசையாக வர ஆரம்பித்துவிடும். "ஸ்டாக்ஹோமில் இறங்குகிறோம். கையில் ஐந்து நாள், ஒரு வாடகைக் கார். பெரிய ஊர்கள் வேண்டாம். கிராமம், பழைய வீடு, அந்த லினன் நெசவு, இதெல்லாம் நிதானமாகப் பார்க்கணும். எந்தப் பக்கம் போகலாம்?"

கேட்பவர்களில் பாதிப் பேர் வரைபடத்தில் மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியும், ஆனால் பயணம் முழுக்கக் காருக்குள்ளேயே கழியும். ஸ்வீடன் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தில் விரல்கடை தூரம் என்று நினைப்பது கிளம்பிப் பார்த்தால் அரை நாள் ஓட்டமாக இருக்கும். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், லினன் என்று நீங்கள் சொல்வது எதை? நல்ல மேசைவிரிப்பு வாங்குவதா, தறி ஓடுவதைப் பார்ப்பதா, இல்லை ஒரு செடியின் நார் ஒரு வட்டாரத்தையே எப்படிப் பணக்காரப் பூமியாக்கியது என்ற கதையா? மூன்றும் ஒரே இடத்தில் ஒரே அளவில் கிடைக்காது. பெரும்பாலோர் இதை யோசிக்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டத் தயார் என்பது. என் கணக்கு இரண்டரை மணி நேரம். அதைத் தாண்டினால் 'நிதானமான பயணம்' என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, முன்பதிவு எதுவும் செய்யாமல் போய் நின்றால் பார்க்க என்ன மிஞ்சும். நான்காவது, கூட வருகிறவர்கள். காரில் லினனைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத ஒருவராவது இருப்பார், அவருக்கும் ஏதாவது வேண்டும். செலவைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் பெரிய செலவுகள் மூன்று பக்கத்துக்கும் பொது.

## ஹெல்சிங்லாந்து: லினன் கட்டிய வீடுகள்

ஈ4 நெடுஞ்சாலையில் வடக்கே, யெவ்லே நகரைத் தாண்டி சோடர்ஹாம்ன் வரை சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பொல்னெஸ், வால்ஸ்தா, யெர்வ்சோ என்று யூஸ்னான் ஆற்றை ஒட்டியே போகலாம்.

இந்த மாகாணத்தின் பூ எது தெரியுமா? ஆளிப் பூ. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று வாங்குகிறோமே, அதே செடிதான். லினன் துணி இதன் தண்டு நாரில்தான் உருவாகிறது. விதைக்கு வளர்ப்பது குட்டை ரகம், நாருக்கு வளர்ப்பது நெட்டை ரகம். ஜூலையில் நீலமாகப் பூக்கும். காலையில் விரிந்து மதியத்துக்குள் இதழ் கொட்டிவிடும். சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் வெறும் பச்சை வயல்தான் இருக்கும்.

நார் முழு நீளத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் செடியை அறுக்க மாட்டார்கள், வேரோடு பிடுங்குவார்கள். பிறகு தண்ணீரிலோ வயல் பனியிலோ ஊறவிட்டு, காயவைத்து, தண்டை நொறுக்கி, சக்கை உதிரும் வரை அடித்து, இரும்புப் பல் வைத்த சீப்பில் சீவி, அதற்கப்புறம்தான் நூற்பு. இதில் அடிக்கிற வேலை உயிரை வாங்கும். அந்த வேலையை 18ஆம் நூற்றாண்டில் நீர்ச்சக்கரத்திடம் ஒப்படைத்தவர்களில் இந்த ஊர்க்காரர்கள் முக்கியமானவர்கள். 1729இல் இங்கே ஃப்ளோர் என்ற இடத்தில் பெரிய லினன் தொழிற்கூடம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆளியும் காட்டு மரமும் சேர்ந்து விவசாயிகள் கையில் காசு புரண்டது.

அந்தக் காசு போன இடம் வீடுகள். பெரிய பெரிய மரவீடுகள், வாசலில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட முகப்பு, உள்ளே சுவரெல்லாம் ஓவியம். வேடிக்கை என்னவென்றால், அலங்கரித்த அறைகளில் யாரும் அன்றாடம் வாழவில்லை. கல்யாணம், விருந்து, சாவு மாதிரியான நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். சில பண்ணைகளில் விசேஷத்துக்கென்றே தனி வீடு கட்டினார்கள். இப்படிப்பட்ட பண்ணை வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஏழு, 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வால்ஸ்தாவில் உள்ள யெஸ்ட்கீவர்ஸ் பண்ணையின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய பூ வரிசை, பட்டுத்துணி ஒட்டினாற்போலவே தெரியும். ஏழு வீடுகளிலும் ஓவியங்கள் ஒன்று நேராகச் சுவரில் இருக்கின்றன, இல்லையென்றால் நெய்த துணியில் தீட்டி அடித்திருக்கிறார்கள். தீட்டியவர்களில் பலர் பக்கத்து டாலர்னாவிலிருந்து பிழைப்புக்கு நடந்து வந்த ஓவியர்கள்.

தறி பார்க்க வேண்டுமென்றால் பொல்னெஸுக்குப் பக்கத்தில் வெக்ஸ்பூ கிராமம். வெக்ஸ்பூ லின் நெசவாலையும் கடையும் அங்கேதான், ஓடையோரம் பழைய தண்ணீர் மில் ஒன்றும் இருக்கிறது. என் மாமியாரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் பிறந்த வீட்டில் தறி ஓடிய காலம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த தறிக்கு முன்னால் நின்று, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்பிள்ளை, பாவு இவ்வளவு விறைப்பா இருக்கு. பருத்தின்னா கொஞ்சம் கொடுக்கும். இது அறுந்துடாதா?" என்றார். சரியான கேள்வி. லினன் நூலுக்கு இழுவை மிகக் குறைவு, காற்று காய்ந்தால் படபடவென்று அறும். ஆனால் ஈரம் பட்டால் பலம் கூடும். அதனால் லினன் நெய்கிற இடத்தில் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். இதைச் சொன்னதும், "எங்க வீட்டிலும் தறிக்குழி அதுக்குத்தான் குளிர்ச்சியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தறிக்கு நகர்ந்தார்.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். வயலில் ஆளி, பக்கத்தில் நூற்பு, அடுத்து தறி என்று முழுச் சங்கிலியும் ஸ்வீடனில் இன்று பெரிய அளவில் எங்கும் ஓடவில்லை. ஸ்வீடிஷ் நெசவாலைகளுக்கு நூல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, மேற்கு ஐரோப்பியக் கரையோரம்தான் ஆளிக்குப் பேர்போன பூமி. இங்கே நடப்பது நெசவும் வடிவமைப்பும். விற்பவர்கள் இதை மறைப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு இந்தப் பக்கம்தான் அதிகம். ஏழு வீடுகளில் சில இன்னும் குடும்பங்கள் வாழும் தனியார் வீடுகள். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பரவாயில்லை. நான் முதல்முறை செப்டம்பர் முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை போனேன். இரண்டு பண்ணைகள் பூட்டிக் கிடந்தன. மூன்றாவதில் ஒரு பூனை மட்டும் இருந்தது. ஒரு நாள் பெட்ரோலும் ஒரு இரவு தங்கலும் வீண்.

ஏழையும் பார்த்தே தீருவேன் என்றும் கிளம்பாதீர்கள். ஃபோகெல்ஷோவில் உள்ள பூர்ட்டோம் ஓ பண்ணை மேற்கே காட்டுக்குள், யெர்வ்சோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. 1910இல் குடும்பம் புது வீட்டுக்குப் போனபோது பழையதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், அதனால் அது தனி ரகம்தான். போகிற வழியில் லோஸ் என்ற ஊரின் கோபால்ட் சுரங்கமும் உண்டு. அங்கே கிடைத்த தாதுவிலிருந்துதான் 1751இல் ஸ்வீடிஷ் வேதியியலாளர் க்ரோன்ஸ்டெட் நிக்கல் உலோகத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். நான்கு நாள் பயணத்தில் மூன்று வீடுகள் போதும், நான்காவதில் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

லினனில் ஆர்வமில்லாதவருக்கு யெர்வ்சோவில் வடநாட்டு மிருகங்கள் இருக்கும் பூங்கா, ஊர் நடுவில் ஸ்டேனெகோர்ட் கைவினை மையமும் தோட்டமும், ஜூலையில் ஹெல்சிங்கே ஹம்போ நடனப் போட்டி. சாத்தான் வயலின் வாசிக்க, இளவட்டங்கள் செருப்பும் உடம்பும் தேயும் வரை ஆடியதாகச் சொல்லப்படும் ஹோர்கா மலையும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

## டாலர்னா: கொஞ்சம் லினன், நிறைய ஊர்

ஸ்டாக்ஹோமிலிருந்து ஃபாலுன் சுமார் 220 கிலோமீட்டர். அங்கிருந்து சில்யான் ஏரியைச் சுற்றி லெக்சாண்ட், டெல்பெரி, ரெட்விக், மூரா. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அரை மணி நேரம், அதிகம் போனால் முக்கால் மணி. நிதானம் என்ற அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை. ஒரே இடத்தில் அறை போட்டுவிட்டுத் தினமும் ஒரு திசைக்குப் போய்த் திரும்பலாம்.

லினன் என்று பார்த்தால் இரண்டு இடங்கள். லெக்சாண்ட் பக்கம் வெஸ்டன்விக்கில் யோப்ஸ் குடும்பத்தின் கைஅச்சுப் பட்டறை 1940களில் தொடங்கியது. லினனிலும் பருத்தியிலும் காட்டுப் பூக்கள் அச்சாகும் நீள மேசைகளும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டமும். நெசவு இல்லை, அச்சுதான். இரண்டாவது, ஃபாலுனுக்கு அருகே சுண்ட்போர்ன். ஓவியர் கார்ல் லார்சனின் வீடு என்று எல்லோரும் போகிறார்கள், போன பிறகு கண் நிற்பது அவர் மனைவி காரின் லார்சனின் கைவேலையில். திரை, விரிப்பு, மெத்தையுறை எல்லாம் அவரே வரைந்து நெய்ததும் தைத்ததும். படிக்கும்போது ஓவியக்காரராக இருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தூரிகையை வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். 1900 வாக்கில் இந்தத் துணிகளைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, இன்றைக்கு நெய்தது மாதிரி இருக்கின்றன. வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வழிகாட்டியோடு மட்டும். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

முன்பதிவு இல்லாமல் போனால்? மற்றதெல்லாம் மிஞ்சும். நூஸ்னெஸ் கிராமத்தில் டாலா குதிரை என்ற மரப்பொம்மை செதுக்கிச் சாயம் பூசும் பட்டறைகளுக்குள் சும்மா நுழையலாம். ஃபாலுன் செம்புச் சுரங்கம் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1687இல் இடிந்து விழுந்த பெரும்பள்ளத்தின் விளிம்பில் நிற்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்வீடன் முழுக்கக் கிராம வீடுகளில் பார்க்கிற அந்தச் செங்காவிச் சிவப்பு, இந்தச் சுரங்க மண்ணிலிருந்து வந்த சாயம்தான். சுரங்கத்துக்குள் இறங்குவதாக இருந்தால் ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், உள்ளே ஐந்தாறு டிகிரிதான்.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு தங்குமிடம். ஜூன் கடைசியில் வரும் மிட்சம்மர் என்ற கோடைவிழா வாரத்தில், லெக்சாண்டில் மேபோல் என்ற அலங்காரக் கம்பம் நடும் விழாவுக்கு நாடே வந்து குவியும். அந்த வாரம் அறை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம், விலையைப் பற்றிப் பேசாதீர்கள். பார்வைக்கு அழகான டெல்பெரி, பர்ஸுக்கு எப்போதுமே கொஞ்சம் கனம். ரெட்விக்கில் தங்கிவிட்டு டெல்பெரிக்கு காபி குடிக்கப் போவது என் வழக்கம்.

குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால், திட்டம் போடும் பழக்கமே இல்லாத குடும்பமாக இருந்தால், டாலர்னா. லினன்தான் முதல் காரணம் என்றால் இங்கே வராதீர்கள், ஏமாற்றம் மிஞ்சும்.

## வெர்ம்லாந்து: நோபல் விருந்தின் மேசைத்துணி

டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகர மன்றத்தில் நோபல் விருந்து நடக்கும்போது மேசையில் விரிக்கும் லினன், 1991 முதல் க்ளெஸ்பூல் என்ற சின்ன ஊரில் நெய்தது. நோபல் பரிசின் தொண்ணூறாவது ஆண்டுக்காக விருந்துப் பாத்திரங்கள் மொத்தமும் மாற்றப்பட்டபோது, துணியை வடிவமைத்தவர் இங்க்ரிட் டெஸ்ஸௌ. நெசவாலை 1920இல் தொடங்கியது. தறிகள் ஓடுவதைப் பார்க்கலாம், பக்கத்திலேயே ஆலைக் கடை. ஒரு கைத்துடைப்புத் துணியை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். வெள்ளையில் வெள்ளை, நிறமே கிடையாது, ஆனால் சாய்க்கச் சாய்க்க வடிவம் எழும்பி மறையும். பாவு மேலே வரும் இடம் ஒரு பக்கம் மின்னும், குறுக்கே ஓடும் ஊடை மேலே வரும் இடம் மறுபக்கம். டமாஸ்க் என்ற இந்த நெசவின் விஷயமே அவ்வளவுதான்.

வாங்குவதுதான் நோக்கம் என்றால் எனக்கு இங்கேதான் மனசு போகும். சுற்றிலும் பார்க்க ஆர்விகாவில் ராக்ஸ்டாட் ஓவியர் குழுவின் அருங்காட்சியகம், சுன்னே பக்கம் மோர்பாக்கா. 1909இல் இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண்ணான செல்மா லாகர்லொஃப் பிறந்து, விற்றுப்போன பிறகு திரும்ப வாங்கி, கடைசி வரை வாழ்ந்த வீடு. நடுவில் ஃப்ரீக்கென் ஏரிகள் நீளமாகக் கூடவே வரும். அவ்வளவுதான், ஒன்றரை நாளில் முடிந்துவிடும்.

சிக்கல் தூரம். ஸ்டாக்ஹோமிலிருந்து ஆர்விகா சுமார் 380 கிலோமீட்டர், போக வர இரண்டு நாள் சாலைக்கே போய்விடும். ஆனால் ஓஸ்லோவில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேரச் சொச்சம்தான், கோத்தன்பர்க்கிலிருந்தும் மோசமில்லை. ஓஸ்லோவில் கார் எடுத்தால் எல்லை தாண்ட அனுமதி இருக்கிறதா என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். நார்வேயின் சாலைக் கட்டணம் கேமரா வழியாகத் தானே பதிவாகி, ஊர் திரும்பிய பிறகு கார்டில் பிடிப்பார்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் வாங்கிய துணிக்குச் சுங்க வரம்பும் உண்டு.

நான்காவதாக, இன்னும் வடக்கே இருக்கும் ஒங்கெர்மன்லாந்தைச் சிலர் கேட்கிறார்கள். ஹோகா குஸ்டன் கடற்கரை அபாரமான இடம், பனியுகத்துப் பனிப்பாளத்தின் பாரம் நீங்கிய நிலம் இன்னும் ஆண்டுக்குச் சுமார் எட்டு மில்லிமீட்டர் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது மலையேறுகிறவர்களின் பயணம். ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெர்னோசாண்டே 400 கிலோமீட்டருக்கு மேல். லினனுக்காக அவ்வளவு தூரம் வேண்டாம்.

## பக்கம் பக்கமாக

| | ஹெல்சிங்லாந்து | டாலர்னா | வெர்ம்லாந்து |
|---|---|---|---|
| ஸ்டாக்ஹோமிலிருந்து | 250–300 கி.மீ. | 220–310 கி.மீ. | 380 கி.மீ. |
| லினன் | கதை, நெசவு, கடை | அச்சு, பழைய துணிகள் | நெசவு, கடை |
| முன்பதிவு இல்லாவிட்டால் | பாதி போச்சு | பெரிய நஷ்டமில்லை | நஷ்டமில்லை |
| லினன் பிடிக்காதவருக்கு | சுமார் | நிறைய | கொஞ்சம் |
| தேவையான நாட்கள் | 4 | 3–5 | 2, சாலைக்கு 2 |
| சரியான காலம் | ஜூலை | ஜூன்–செப்டம்பர் | மே–செப்டம்பர் |

## எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான செலவு

காரை எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் பிடுங்கும் தொகை இரண்டு நாள் வாடகையை விழுங்கும். ஸ்டாக்ஹோம் நகருக்குள் நெரிசல் வரி கேமராவில் பதிவாகும், வேகக் கேமராக்கள் கிராமச் சாலையிலும் உண்டு. இந்திய உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வருகிறவர்களுக்குச் செல்லும், ஆனாலும் சில வாடகைக்காரர்கள் சர்வதேச அனுமதிச் சீட்டும் கேட்பார்கள். 1967 செப்டம்பர் 3ஆம் தேதி விடியற்காலை நாடே ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அவர்கள் ஒரு காலையில் பழகினார்கள், நமக்கு முதல் ரவுண்டானாவில் கொஞ்சம் வியர்க்கும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அந்தி நேரத்தில் காட்டுச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள். குறுக்கே வருவது எல்க் மான், காரின் முன்கண்ணாடி உயரத்துக்கு உடம்பு. மோதினால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. வாரநாட்களில் மதியம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் 'தாகன்ஸ்' என்ற மதிய உணவு நியாயமான விலையில் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் சின்ன ஊரில் ராத்திரிக்கு பீட்சாவும் பெட்ரோல் பங்க் சாசேஜும்தான் கதி. சைவக்காரர்கள் ஒரு குக்கரோடு சமையலறை உள்ள குடிலாகப் பார்த்து எடுங்கள்.

துணி மலிவில்லை. சமையலறைத் துண்டு ஒன்றே சில நூறு குரோனர் ஆகும். விலையில் 25 சதவீத விற்பனை வரி அடக்கம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் விமான நிலையத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். அதற்குக் கடையிலேயே படிவம் வாங்க வேண்டும், மறந்தால் போனது போனதுதான். ஸ்வீடன் வீடுகளில் லினனைச் சூட்டில் தேய்ப்பதைவிட, ஈரம் காயும் முன் உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பதைத்தான் விரும்புவார்கள், பளபளப்பு அதில்தான் வரும். அந்தக் காலத்தில் துணி அழுத்தும் மரப்பலகையைப் பையன் தானே செதுக்கி, வருஷமும் பெயரின் முதலெழுத்தும் பொறித்து, பெண்ணுக்குக் கொடுப்பான். வட்டார அருங்காட்சியகங்களில் இந்தப் பலகைகளைத் தேடிப் பாருங்கள், குதிரை வடிவக் கைப்பிடி வைத்தவை எனக்குப் பிடித்தவை.

## நான் போனால்

லினனுக்காகவே போகிறேன் என்றால், நான்கு நாள், ஜூலை, ஹெல்சிங்லாந்து. இரண்டு இரவு பொல்னெஸ் பக்கம், ஒரு இரவு யெர்வ்சோ. அப்பா அம்மாவோடு என்றால் டாலர்னா, ரெட்விக்கில் மூன்று இரவு. ஓஸ்லோவுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்துவிட்டது என்றால் யோசிக்காமல் வெர்ம்லாந்து.

ஆறு ஏழு நாள் இருந்தால் ஹெல்சிங்லாந்தையும் டாலர்னாவையும் இணைக்கலாம். பொல்னெஸிலிருந்து ஆல்ஃப்தா, எட்ஸ்பின் வழியாக ரெட்விக் ஒன்றரை இரண்டு மணி நேரம், சாலை முழுக்கக் காடு. சுவர் தீட்டப் போன ஓவியர்கள் நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையில் நீங்கள் போவீர்கள்.

எதுவானாலும் விமான டிக்கெட்டுக்கு முன் பண்ணை வீடுகளின் திறக்கும் நாட்களைப் பாருங்கள். அடுத்தது சுண்ட்போர்ன் நேரச்சீட்டு, அதற்கடுத்தது அறை, காரைக் கடைசியில் எடுத்தால் போதும். செப்டம்பர் திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அந்தப் பூனையும் அவ்வளவு சிநேகமான பூனை இல்லை.